மூன்றாவது ரீடிங்

உட்காருங்கள் அண்ணே. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். தாளாளர் சாப்பிட்டு ஒரு கண் அயர்ந்துதான் வருவார். டிரைவர் வேலைக்கு வந்திருக்கிறீர்கள், லைசென்ஸ் நகல், போட்டோ எல்லாம் கையோடு கொண்டுவந்திருக்கிறீர்கள். நல்லது. ஆனால் வாசல் டீக்கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்திருப்பீர்கள். அங்கே என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். "ஒரு இன்ஜினியர் பையன் பழைய டிரைவர் வேலைக்கு உலை வச்சிட்டான்." அதுதானே? தலையை ஆட்ட வேண்டாம். எனக்குத் தெரியும்.

அந்த இன்ஜினியர் பையன் நான்தான். இசக்கிராஜா, பி.இ., மின்னியல்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்குப் பொய் சொல்ல வராது. அது ஒரு குறை என்றே எங்கள் அம்மா சொல்லுவாள்.

நான் இதே கல்லூரியில்தான் படித்தேன். வாசலில் 'வேலை கிடைத்த நம் மாணவர்கள்' என்று ஒரு போர்டு இருக்கிறதே, அதில் முன்பு பதினேழாவது படம் நான். நிறுவனம் என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தீர்களா? இந்தக் கல்லூரியின் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. வேலை வேலைதானே. லேப் உதவியாளர், கூடுதல் பொறுப்பாக ஐந்து பஸ்களின் பராமரிப்பு. எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. சும்மா சொல்லவில்லை, தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது. அப்பா உப்பளத்தில் உப்பு வாருகிறவர். 'என் மகன் காலேஜ்ல இன்ஜினியர்' என்று பாத்தி பாத்தியாகச் சொல்லி வைத்திருக்கிறார். அதனால் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. தப்பு நடந்துவிடக் கூடாது. நடந்தாலும் என் கையால் நடந்துவிடக் கூடாது.

பெயிண்ட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோடை விடுமுறையில் நாலாம் நம்பர் பஸ்ஸுக்கு எஃப்.சி. தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். வெளியே பெயிண்டரிடம் விட்டால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் அடித்துவிட்டுப் போவான். நான் அப்படி இல்லை. உப்பளத்துக்காரர்கள் வீட்டில் இரும்பு என்றாலே பெயிண்ட்தான். உப்புக் காற்று சும்மா விடாது. எங்கள் வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் சைக்கிள், தகரக் கதவு, தண்ணீர்க் குழாய், அப்பாவின் மண்வெட்டி, எல்லாவற்றுக்கும் கறுப்பு பெயிண்ட் விழும். கதவுத் தாழ்ப்பாளைக்கூடக் கழற்றி அடித்துத் திரும்ப மாட்டுவோம். அந்தப் பழக்கம்.

பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்து நானே அடித்தேன். எட்டு நாள். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, அடியில் ஒரு பூச்சு, மேலே ஒரு பூச்சு, காய்ந்த பிறகு திரும்பப் பூட்டு. பேச்சிமுத்து அண்ணாச்சி, அவர்தான் பழைய டிரைவர், குனிந்து பார்த்துச் சிரிப்பார். "என்ன தம்பி, கல்யாணப் பொண்ணுக்கு மருதாணி வைக்குத மாதிரில்லா இருக்கு!" எஃப்.சி. பார்க்க வந்த அதிகாரியே அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "யார்ப்பா இது, புது வண்டியா?" என்று கேட்டார். வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் கடைசியில் ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், இன்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மட்டும் சுற்றாது. முதலில் வாரத்துக்கு ஒரு நாள். பிறகு நாள் விட்டு நாள். ஆகஸ்டில் தினமும்.

அது மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மின்னியல் பிள்ளைகள் அதிகம் வருகிற ரூட். சாயங்காலம் நாலு பத்துக்கு நாற்பது வருங்கால மின் பொறியாளர்கள் இறங்கி பஸ்ஸைத் தள்ளுவார்கள். முன்னால் இருக்கிறவன் "வி ஈக்குவல்ஸ்" என்று கத்துவான், பின்னால் இருக்கிற கூட்டம் "ஐ ஆர்!" என்று கத்திக்கொண்டு நெட்டும். அந்த ஓம் விதியை அவர்கள் வேறு எதற்காவது பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் தினமும் கேட்பார்: "என்னடே, இன்னைக்கும் பிராக்டிக்கலா?"

எங்கள் துறைத் தலைவர் தமயந்தி மேடம், மின்மோட்டாரில் டாக்டர் பட்டம் வாங்கியவர், அதே பஸ்ஸில்தான் வருவார். பிள்ளைகள் தள்ளும்போது அவர் மட்டும் உள்ளே உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார். நான் ஒருமுறை ஜன்னல் பக்கம் போய், "மேடம், செல்ஃப் மோட்டாரும் டி.சி. மோட்டார்தானே?" என்று கேட்டேன். "சீரிஸ் மோட்டார்" என்று திருத்திவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

பேச்சிமுத்து அண்ணாச்சி பஸ்ஸைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துச் சரிவில் நிறுத்த ஆரம்பித்தார். பிரேக்கை விட்டு உருட்டினால் கிளம்பிவிடும். வழியில் எங்கே நிறுத்தினாலும் இன்ஜினை அணைக்க மாட்டார்.

டவுனிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்தார். பேட்டரி போய்விட்டது என்றார். இரண்டு பேட்டரியையும் மாற்றினோம். பத்து நாள் ஓடியது, மறுபடியும் டக். செல்ஃபில் கார்பன் தேய்ந்துவிட்டது என்றார். மாற்றினோம். டக். செல்ஃப் மோட்டாரையே மாற்றினோம். புது மோட்டாரும் டக். கடைசியில் அவர், "வண்டிக்கு ஏதோ கண் பட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டோர் கீப்பர் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து கட்டினார். நான் அதைத் தடுக்கவில்லை. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லையே.

தாளாளர் என்னைக் கூப்பிட்டு, "நீ இன்ஜினியர்தானே, ரிப்போர்ட் குடு" என்றார். கொடுத்தேன். அதை இன்றைக்கும் காட்டுவேன். 'இயக்குபவர் சாவியை நீண்ட நேரம் பிடித்திருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.' அவ்வளவுதான் எழுதினேன். அது புத்தகத்தில் உள்ளது. ஒரு வாய்ப்பைச் சொன்னேனே தவிர யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் தாளாளர் அதை வாசித்துவிட்டு அண்ணாச்சியை வரச் சொல்லி, "செல்ஃபைக் கருக்குறது நீதானா? இன்னொரு தடவை பஸ் நின்னா வீட்டுக்குப் போயிருவே" என்று சத்தம் போட்டார். அண்ணாச்சி வெளியே வந்து என்னிடம், "பதினோரு வருசமா சாவி திருப்புதேன் தம்பி. இப்பத்தான் கைக்குப் பலம் கூடிட்டோ?" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. முறையாகச் சோதிப்பது என்று முடிவு செய்தேன். அதற்கு மீட்டர் வேண்டும். எங்கள் லேபில் பன்னிரண்டு மீட்டர்கள் இருக்கின்றன, கண்ணாடி அலமாரியில். கல்லூரி அங்கீகாரத்துக்காக ஆய்வுக் குழு வரப்போகிறது என்பதால் துடைத்து அடுக்கி வைத்திருந்தார்கள். வெளியே எடுக்க மூன்று கையெழுத்து வேண்டும். ஒன்பது நாளில் வாங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை. அண்ணாச்சியை மேலே உட்கார்த்திச் சாவி போடச் சொன்னேன். நான் அடியில் படுத்தேன். நீங்கள் டிரைவர், உங்களுக்குப் புரியும். மின்சாரம் பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் வழியாகச் செல்ஃபுக்குப் போகிறது. போனால் போதுமா? திரும்பி வர வேண்டும். திரும்புகிற வழி வண்டியின் இரும்பு உடம்புதான். அந்த உடம்பையும் பேட்டரியையும் சேர்ப்பது ஒரே ஒரு எர்த் பட்டை. விளக்குக்கும் ஹாரனுக்கும் கொஞ்சம் மின்சாரம் போதும், எப்படியோ திரும்பிவிடும். செல்ஃபுக்கு அப்படி இல்லை. திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் முடிந்து அத்தனை கூட்டமும் ஒற்றைக் கதவு வழியாக வெளியேறப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி முட்டிக்கொண்டு நிற்கும். அந்த முட்டலைத்தான் மீட்டர் காட்டும்.

ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்தேன். மறு முனையை இன்ஜின் உடம்பில் வைத்தேன். "செல்ஃப் அடிங்க அண்ணாச்சி!" டக். மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்பது வோல்ட் காட்டியது. இருபத்து நான்கில் ஒன்பது திரும்பும் வழியிலேயே தொலைந்து போகிறது! பேட்டரி மேலும் தப்பில்லை, செல்ஃப் மேலும் தப்பில்லை. கண்ணும் படவில்லை. அண்ணே, நான்கு வருடம் படித்ததில் எனக்கு ஒன்று விளங்கியது அந்த நிமிடத்தில்தான்.

எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினேன். பட்டைக்கு அடியில், இரும்போடு இரும்பு ஒட்ட வேண்டிய இடத்தில், பெயிண்ட். கறுப்பு. இரண்டு பூச்சு. நல்ல வழவழப்பு, ஒரு கொப்புளம் கிடையாது.

ஆமாம், நான் அடித்ததுதான். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

மேலேயிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார். "என்ன தம்பி, என்ன காட்டுது?"

"ரீடிங் எடுத்துக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி."

போல்ட்டைப் பழையபடியே பூட்டிவிட்டேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? முழுதாகக் கேளுங்கள். எங்கள் லேபில் ஒரே ஒரு ரீடிங்கோடு ரெக்கார்டு நோட்டைக் கொண்டுபோனால் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுப்பார்கள். குறைந்தது மூன்று வேண்டும். மூன்றையும் கூட்டிச் சராசரி போட வேண்டும். ஒரே நாளில் மூன்று எடுத்தால் அது ஒன்றை மூன்று தடவை எழுதியது போலத்தான். அதனால் நாளுக்கு ஒன்று. அதுவரை வண்டியின் நிலையை மாற்றக் கூடாது, மாற்றினால் சோதனையே செல்லாது. அவசரப்பட்டு 'பெயிண்ட்தான் காரணம்' என்று சொல்லி, அது இல்லை என்று ஆகிவிட்டால்? என்மேல் நானே வீண்பழி போட்டதாகாதா? யார் மேலும் வீண்பழி போடக் கூடாது என்பது என் கொள்கை.

புதன்கிழமை இரண்டாவது ரீடிங் எடுத்தேன். ஒன்பது புள்ளி இரண்டு. அன்றும் அண்ணாச்சிதான் சாவி போட்டார். அன்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி வந்து, "நாளைக்கு அந்தக் கமிட்டி வருதாம்லா. இந்த வண்டியத்தான் எடுக்கச் சொல்லியிருக்காங்க" என்றார். "தெரியும் அண்ணாச்சி" என்றேன். என் மீட்டரைக் குனிந்து பார்த்தார். பிறகு போய்விட்டார்.

ஐந்து பஸ்ஸில் நாலாம் நம்பரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? பெயிண்ட் புதிதாக இருந்ததால்தான்.

வியாழக்கிழமை. ஆய்வுக் குழுவில் மூன்று பேராசிரியர்கள். புது விடுதியைப் பார்க்க அவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். விடுதி வாசலில் வரவேற்பு வளைவு, பூத்தட்டோடு பிள்ளைகள். அண்ணாச்சி, "ஐயா, அந்தச் சரிவுல நிப்பாட்டிக்கிடுதேன்" என்றார். தாளாளர், "வளைவுக்கு நேரா நிப்பாட்டுய்யா, போட்டோ எடுக்கணும்" என்றார். நிறுத்தினார். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடப் போகிறார்கள், இன்ஜினை அணை என்றார் தாளாளர். அண்ணாச்சி தயங்கினார். தாளாளர் முறைத்தார். அணைத்தார்.

அப்புறம் என்ன. விடுதியைப் பார்த்தார்கள், சுண்டல் சாப்பிட்டார்கள், ஏறி உட்கார்ந்தார்கள். டக். மறுபடியும் டக். மூன்று பேரையும் இறக்கினோம். பூத்தட்டுகளைச் சுவரோரம் வைத்துவிட்டுப் பிள்ளைகள் வரிசையாக வந்து கை வைத்தார்கள். யாரும் சொல்லாமலே அவரவர் இடத்தில் போய் நின்றதைப் பார்த்ததும் குழுத் தலைவருக்குப் புரிந்துவிட்டது. நான்காம் ஆண்டுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, "எந்தத் துறை?" என்றார்.

"மின்னியல், சார்."

"இது ஏன் ஸ்டார்ட் ஆகல?"

"சிலபஸ்ல இல்ல, சார்."

தாளாளர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேரே என்னிடம் வந்தார். "இசக்கிராஜா, என்னய்யா பிரச்சினை இதுல? நாலு நாளா அடியில படுத்துக் கெடந்தியே?" இரண்டு நாள்தான். ஆனால் அதைத் திருத்த அது நேரமில்லை.

அண்ணாச்சி டிரைவர் சீட்டிலிருந்து என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தேன். மூன்றாவது ரீடிங் இன்னும் எடுக்கவில்லையே அண்ணே! என்ன சொல்ல முடியும்? "ஆய்வில் இருக்கிறது சார்" என்றேன். அது உண்மை.

தாளாளர் திரும்பினார். "பேச்சிமுத்து, இறங்கு. சாவியைக் குடு." அத்தனை பேர் முன்னாலும். அண்ணாச்சி சாவியை உருவி, அதில் கோத்திருந்த மாதா படத்தை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார். கழற்றக் கொஞ்ச நேரம் ஆனது. வளையம் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதுவரை தாளாளர் கையை நீட்டியபடியே நின்றார். அண்ணாச்சி சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து போனார்.

எல்லாரும் போன பிறகு மூன்றாவது ரீடிங் எடுத்தேன். ஸ்டோர் கீப்பர்தான் சாவி போட்டார். ஒன்பது புள்ளி ஒன்று. சராசரியும் ஒன்பது புள்ளி ஒன்று, பாருங்கள். அவ்வளவு சுத்தமான சோதனை. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன், இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது, போல்ட்டை முறுக்கினேன். சாவியைத் தொட்டதும் பஸ் கிளம்பியது. இன்றுவரை ஒரு 'டக்' கிடையாது. நீங்களே பார்ப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கொடுத்தேன். 'எர்த் இணைப்பில் பெயிண்ட் இருப்பது கண்டறியப்பட்டது. அகற்றப்பட்டது. வாகனம் நல்ல நிலையில் உள்ளது.' இதில் ஒரு சொல் பொய்யா? சொல்லுங்கள்.

தாளாளர் வாசித்துவிட்டு, "எவன்யா எர்த்துல போயி பெயிண்ட் அடிச்சது? அந்த டிரைவர் பயலாத்தான் இருக்கும்" என்றார். கவனியுங்கள், அவர் கேள்வியும் கேட்டார், பதிலையும் அவரே சொல்லிவிட்டார். கேட்டுவிட்டு நிறுத்தியிருந்தால் நான் சொல்லியிருப்பேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. தாளாளர் உடனே எழுந்து கை கொடுத்தார். மறுவாரம் வாசல் போர்டில் என் படத்தைப் பதினேழாம் இடத்திலிருந்து எடுத்துத் தனியாகப் பெரிதாகப் போட்டார்கள், 'நம் பேருந்தை மீட்ட நம் மாணவர்' என்று. அப்பா உப்பளத்திலிருந்து நேரே பார்க்க வந்தார். காலெல்லாம் உப்புப் பொருக்கு. துண்டால் போர்டைத் துடைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் நான் போய், 'பெயிண்ட் அடித்தது நான்' என்று யாரிடம் சொல்வது? அதைச் சொல்வதால் வண்டிக்கு ஏதாவது நன்மை உண்டா?

பத்து நாள் கழித்து பேச்சிமுத்து அண்ணாச்சி வந்தார். அனுபவச் சான்றிதழ் வேண்டும். ஒரு மில்லில் டிரைவர் எடுக்கிறார்களாம், கடிதம் இல்லாமல் உள்ளே விட மாட்டார்களாம். நான்தான் டைப் செய்தேன். மனதார எழுதினேன். 'திரு. வே. பேச்சிமுத்து பதினோரு ஆண்டுகள் இங்கு ஓட்டுநராகப் பணியாற்றினார். ஒரு விபத்தும் ஏற்படுத்தியதில்லை. காலம் தவறாதவர், நாணயமானவர்.' அவர் விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். பிறகு சொன்னார்:

"தம்பி, அன்னைக்குச் செவ்வாக்கெழம நீ போல்ட்டைக் கழத்துனேல்லா, நான் கதவு வழியாக் குனிஞ்சு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

நான் எடுத்த முத்திரையைக் கீழே வைத்தேன்.

"கறுப்பா மினுமினுன்னு இருந்துச்சு. யாரு அடிச்சதுன்னும் தெரியும். லீவுல உனக்கு டீ வாங்கியாந்து குடுத்தது நான்தான?"

"அப்போ ஏன் அண்ணாச்சி நீங்க சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

கேட்டீர்களா அண்ணே? தெரிந்திருக்கிறது! செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் தெரிந்திருக்கிறது. தாளாளர் கையை நீட்டிக்கொண்டு நின்றபோதுகூட வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வேலை போயிருக்குமா? அந்த டீக்கடையில் இதை யாராவது சொன்னார்களா உங்களிடம்? சொல்ல மாட்டார்கள். நான் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிவேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தம்தான். மரியாதையாகவே சொன்னேன். "தெரிஞ்சும் மறைச்சிட்டீங்களே அண்ணாச்சி. இது சரியா?"

 அவர் தாளை மேசையில் வைத்து, அந்தக் கடைசி வார்த்தையின் மேல் விரலை வைத்தார். "நீ சொல்றதும் சரிதான். தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிக்கிட்டு இருந்தவன்லா நான். அப்போ இந்த நாணயமானவர்ங்கிறத எடுத்திரு."

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கல்லூரியின் முத்திரையோடு போகிற கடிதம். விஷயம் தெரியாதவரை சரி. தெரிந்த பிறகு அதை எப்படி அப்படியே விடுவது? எடுத்துவிட்டேன். 'காலம் தவறாதவர்' என்பதோடு முற்றுப்புள்ளி வைத்து, புதிதாக ஒரு பிரிண்ட் போட்டு, தாளாளர் கையெழுத்து வாங்கி, கொண்டுவந்து கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்தார். சிரித்தார். சத்தம்கூட இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நல்லா இரு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எதற்குச் சிரித்தார் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் போன பிறகு ஆபீஸ் நகலை எடுத்து வைத்து எழுத்து எழுத்தாக வாசித்துப் பார்த்தேன் அண்ணே. அதில் ஒரு பிழையும் இல்லை.